அரைக் கட்டை இறங்கிய தோடி

பழைய பாட்டுப் பதிவுக்கென்று தொலைபேசியில் ஒரு குழு, அதில் இருக்கிற பிள்ளைகள் கேட்டார்கள். கசட் காலத்தில் பதிவு வேலை எப்படி நடந்தது என்று எழுதித் தாருங்கள், மலரில் போடுகிறோம் என்றார்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுதிப் பழக்கம் லேபல் மட்டும்தான். ஒரு லேபலில் மூன்று வரிக்கு மேல் இடம் கிடையாது. அப்படிப் பழகியவன் எழுதுவது இது.

பெல்மதுளை சந்தியில் ஹனிபா முதலாளியின் பதிவுக் கடையில் இருபத்தாறு வருடம் வேலை செய்தேன். பிறந்தது றக்வானைக்கு மேலே ஒரு தோட்டத்தில். அப்பா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினார். எனக்கு மலையேறுகிற வேலை சரிவரவில்லை. வேலை தேடிப் போன அன்று முதலாளி அறுந்த கசட் ஒன்றையும் பிளேடையும் தந்தார். ஒட்டு என்றார். ஒட்டினேன். போட்டுக் கேட்டார். ஒட்டின இடம் தெரியவில்லை. "நாளைக்கி வாங்க" என்றார். பயிற்சி அவ்வளவுதான்.

முதலாளிக்குச் சொந்த ஊர் மாவனல்லை. வெள்ளை சேர்ட், மேல் பையில் இரண்டு பேனை. கத்திப் பேச மாட்டார். பிழை செய்தால் நம் பக்கத்தில் வந்து நிற்பார். நாமே பிழையைக் கண்டுபிடிக்கும் வரை நிற்பார். அதற்கு அடியே வாங்கிவிடலாம்.

கடையில் நடைமுறை இப்படி. காலையில் தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, டெக்கில் நாடா உரசுகிற ஹெட்டைத் துடைக்க வேண்டும். துடைத்த பஞ்சை முதலாளியிடம் காட்ட வேண்டும். பஞ்சு வெள்ளையாக இருக்கும் வரை திரும்பத் திரும்பத் துடைக்க வேண்டும். புதுக் கசட்டை ஒரு தடவை முழுதாக ஓட்டி, திருப்பியும் ஓட்டி, நாடா இளகிய பிறகுதான் பதிய வேண்டும். சினிமாப் பாட்டை வேகமாக ஓட்டிப் பதியலாம். கர்நாடக சங்கீதத்தை அப்படிப் பதியக் கூடாது. ஒரு மணி நேரக் கச்சேரிக்கு ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். சத்தத்தைக் காட்டுகிற முள் சிவப்புக்குள் போகக் கூடாது. மிருதங்கம் விழும்போது மட்டும் தொட்டுவிட்டு வரலாம். பதிந்து முடிந்ததும் கசட்டின் பின்பக்கத்தில் இருக்கிற இரண்டு பல்லையும் உடைத்துவிட வேண்டும். பிறகு யாரும் அதன் மேல் வேறொன்றைப் பதிய முடியாது.

வேகம்தான் பெரிய விசயம். ஒவ்வொரு சனிக்கிழமையும் சோதனைக் கசட் ஒன்றைப் போட்டுவிட்டு முதலாளி சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு உட்காருவார். ஒரு பக்கம் சரியாக முப்பது நிமிடத்தில் முடிய வேண்டும். கூடினாலோ குறைந்தாலோ டெக்கின் மோட்டருக்குப் பின்னால் சின்ன ஓட்டைக்குள் ஒரு திருகாணி இருக்கும். அதைத் திருப்ப வேண்டும். ஒரு மயிரளவு திருப்பினாலே பாட்டு ஏறும், இறங்கும். திருப்பிய பிறகு அதன் மேல் நகத்துக்குப் பூசுகிற சிவப்புச் சாயத்தில் ஒரு பொட்டு வைப்பார். அந்தப் பொட்டை உடைக்க உரிமை அவருக்கு மட்டும்தான்.

ஒரு நாள் கேட்டேன். "நீங்க பாட்டு கேக்க மாட்டீங்களா மொதலாளி?"

"எனக்கி பாட்டு வெளங்காது. முள்ளு வெளங்கும். பாடகன் பொய் சொல்லுவான், முள்ளு சொல்லாது."

இன்னொரு சட்டமும் இருந்தது. வாடிக்கையாளர் கொண்டுவருகிற சொந்தக் கசட்டைக் கடைக்காகவோ நமக்காகவோ பதிந்து வைக்கக் கூடாது. அவர்களாகத் தந்தால் சரி. நானும் அதை மீறியதில்லை.

ஞாயிறு பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கடையின் முன்பலகை போட்டுவிடுவோம். பின் அறையில் ஐந்தாறு பேர் கூடுவார்கள். முதலாளி அறையைத் தந்தார், அவர் இருக்க மாட்டார். அந்தக் கூட்டத்துக்குத் தலை தில்லையம்பலம் மாஸ்டர். யாழ்ப்பாணத்தார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தார். மாணிக்கக் கல் வியாபாரம் செய்கிற சிங்களவர் ஒருவரும் வருவார். நாங்கள் அவரை மாத்தயா என்போம். அவருக்கு ராகத்தின் பெயர் ஒன்றும் தெரியாது. பாட்டுப் பிடித்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு "ராசு மல்லி, ஆயெத் தான்ன" என்பார். தம்பி, திரும்பப் போடு என்று அர்த்தம்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. லேபலை மறைத்து ஒரு கசட்டைப் போடுவார்கள். என்ன ராகம், பாடுகிறவர் யார் என்று முதலில் சொல்கிறவருக்கு அந்தக் கசட் ஒரு வாரத்துக்குச் சொந்தம். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேட்கலாம். அடுத்த ஞாயிறு வந்து அதைப் பற்றிப் பேச வேண்டும். அவர் பேச, மற்றவர்கள் கேட்பார்கள்.

எனக்கு அந்தப் போட்டியில் இடமில்லை. "ராசுவுக்கு எல்லாம் தெரியும். லேபல் எழுதிறவனே அவன்தானே" என்று மாஸ்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து என் வேலை பொத்தானை அமுக்குவதும் பிளேன்டீ வாங்கி வருவதும்.

செல்லமுத்துவை அங்கே கூட்டிப் போனது நான்தான். அதை இங்கே எழுதி வைக்கிறேன். நானும் அவனும் ஒரே லய வரிசையில் அடுத்தடுத்த காம்பரா வீடு, ஒரே வகுப்பு. அவன் தேயிலைத் தொழிற்சாலையின் மாடியில் கொழுந்து பரப்பினான். வெள்ளிக்கிழமை தோட்டத்துக் கோயில் பஜனையில் சுருதிப் பெட்டி போடுவான். அவனுக்குச் சங்கீதம் அவ்வளவுதான். ஒரு ஞாயிறு சும்மா வந்து பார் என்றேன். வந்து கதவோரம் நின்றான்.

மாஸ்டர் ஒரு கசட்டைப் போடச் சொன்னார். பாடகர் இரண்டு இழுப்பு இழுத்தார். யாரும் வாய் திறக்கவில்லை.

"கதவடியில நிக்கிறவர் சொல்லும் பாப்பம்" என்றார் மாஸ்டர், பகிடிக்கு.

"கல்யாணி சேர்."

"சரி. ஆர் பாடுறது?"

"அது தெரியாதுங்க சேர். ஆனா பாடுறவருக்கு முன்பல்லு இல்ல."

அறை முழுக்கச் சிரிப்பு. மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. எழும்பி நின்றுவிட்டார். "கடைசிக் காலத்தில அவருக்கு முன்பல் ரெண்டும் இல்லை ஐசே! நான் நேரில பாத்தனான்!" செல்லமுத்துவின் கையைப் பிடித்துத் தன் பக்கத்து நாற்காலியில் இருத்தினார். அந்த நாற்காலி அதன் பிறகு அவனுடையதாகிவிட்டது.

பல் இல்லாதது எனக்கும் கேட்டிருந்தது. அந்தக் கசட்டை நான் ஒன்பது தடவை பதிந்திருக்கிறேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

இரண்டு வருடம் அப்படிப் போனது. முக்கால்வாசி ஞாயிறு கசட் செல்லமுத்துவின் பைக்குள் போகும். அடுத்த ஞாயிறு அவன் பேசுவான். மாஸ்டர் கன்னத்தில் கை வைத்துக் கேட்பார். கணக்கு வாத்தியார், கொழுந்து பரப்புகிறவன் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டுவார். பஸ்ஸில் ஊருக்குப் போகும்போது செல்லமுத்து என்னிடமும் சொல்லிக்கொண்டு வருவான். இந்த இடத்தில் இப்படி வளைக்கிறார், அந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார் என்று. நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவேன். அவன் சொல்வது எல்லாம் சரியாக இருக்கும். அதுதான் தாங்க முடியாதது.

ஒரு நாள் கடை திறந்ததும் மாஸ்டர் வந்தார். வழக்கமாக வருகிற நாள் அல்ல. கைலேஞ்சியில் சுற்றிய ஒரு கசட்டை மேசையில் வைத்தார். அதை விட்டுக் கையை எடுக்கவில்லை.

அவர் ஊர்ப் பாடகர் ஒருவரின் கச்சேரி அது. பெயர் குழுவில் எல்லோருக்கும் தெரியும், இங்கே எழுதவில்லை. அந்த மனுசன் இசைத்தட்டுக் கொடுத்ததில்லை, வானொலியில் பாடியதில்லை. கோயில் திருவிழாவில் பாடியதோடு சரி. ஒரு திருவிழாவில் மாஸ்டரின் தம்பி மேடைக்குக் கீழே மெசினை வைத்துப் பதிந்திருக்கிறார். ஒரு மணி நேரம். அதில் தோடி மட்டும் நாற்பது நிமிடம். பிறகு பாடகர் இறந்துபோனார். சண்டைக்குள் மாஸ்டரின் வீடு எரிந்துபோனது. மிஞ்சியது இதுதான்.

நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம். ஒரு பக்கத்தில் நுனி கழன்று உள்ளே போயிருந்தது. இறுக்கமாகச் சுற்றியிருந்ததால் ஓடவிட்டால் இழுத்து அறுத்துவிடும்.

"கவனம் ராசு. இது ஒண்டுதான்."

"தெரியும் சேர்."

ஐந்து திருகாணியையும் கழற்றி உறையைத் திறந்தேன். இரண்டு சுருளையும் விரல் படாமல் தூக்கிப் புது உறைக்கு மாற்றினேன். கழன்ற நுனியை ஒட்டினேன். மெல்லிய துணியை விரலில் சுற்றி, பென்சிலால் கையால் சுற்றிச் சுற்றி, நாடா முழுவதையும் துடைத்தேன். ஒரு மணி நேர நாடா. பகல் வரை பிடித்தது. மாஸ்டர் பள்ளிக்கூடம் போகவில்லை. பக்கத்தில் நின்றபடி நின்றார். முதலாளி ஒரு தடவை வந்து பார்த்தார். பக்கத்தில் நிற்கவில்லை, போய்விட்டார். என் வேலைக்கு அவர் தந்த பெரிய பாராட்டு அதுதான்.

போட்டோம். பாடகரின் குரல் வந்தது. மாஸ்டரின் கண்ணில் தண்ணீர். தோடி நடுவில் ஓரிடத்தில் சபையில் ஒருவர் "அடடா" என்று பலமாகச் சொல்வது கேட்டது.

"அது நான்" என்றார் மாஸ்டர். "முன்வரிசை."

அன்றைக்கு எனக்கு யார் மேலும் பொறாமை இல்லை. அரை மணி நேரம் அப்படி இருந்தேன்.

"மூண்டு கொப்பி அடியும் ராசு. ஒண்டு எனக்கு. ஒண்டு கொழும்பில தம்பிக்கு. ஒண்டு செல்லமுத்துவுக்கு. பழசு இனி ஓடக் கூடாது, அதை நான் அப்பிடியே வைக்கப் போறன்."

நான் நின்றேன்.

"அவ்வளவுதானா சேர்?"

"அவ்வளவுதான். உமக்கென்ன, உம்மடை கையிலதானே எல்லாம் கிடக்கு."

கையில் கிடந்தது உண்மை. பென்சிலும் என் கையில்தான் கிடந்தது, துணியும் என் கையில்தான் கிடந்தது. வாய் திறந்து எனக்கும் ஒன்று வேண்டும் சேர் என்று கேட்டிருந்தால் தந்திருப்பார். செல்லமுத்துவுக்குக் கேட்காமலே கிடைத்தது. நான் கேட்டு வாங்க வேண்டும். கேட்கவில்லை.

முதல் இரண்டும் சரியாகப் பதிந்தேன். மூன்றாவதுக்கு முன்னால் முதலாளி தொழுகைக்குப் போயிருந்தார். பழைய கசட் ஓடுகிற டெக்கின் பின்மூடியைத் திறந்தேன். பிளேடு நுனியால் சிவப்புப் பொட்டைச் சுரண்டினேன். சின்னத் திருப்புளியால் திருகாணியைத் திருப்பினேன். ரொம்ப இல்லை. பாட்டின் சுருதி அரைக் கட்டை இறங்கியது. குரல் தடித்தது. எல்லாம் கொஞ்சம் சோம்பலாக நடந்தது. தெரியாதவன் கேட்டால் ஒன்றும் சொல்ல மாட்டான். தெரிந்தவன் ஏமாறிப் பிழையாகப் பேசுவான். எனக்கு வேண்டியது அதுதான்.

ஒரு மணி நேரம் உட்கார்ந்து பதிந்தேன். முள் சரியாகத்தான் ஆடியது. அது பொய் சொல்லாது என்ற முதலாளியின் பேச்சு அன்றைக்குப் பிழையாகப் போனது. முடிந்ததும் இரண்டு பல்லையும் உடைத்தேன். லேபலை மற்ற இரண்டையும் விட அழகாக எழுதினேன். திருகாணியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து மணிக்கூட்டைப் பார்த்துச் சரிசெய்தேன். மறுநாள் தங்கையின் நகச் சாயத்தைக் கொண்டுவந்து பொட்டு வைத்தேன்.

சனிக்கிழமை முதலாளி பின்மூடியைத் திறந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது என்ட செவப்பு இல்ல."

 சோதனைக் கசட்டைப் போட்டார். முப்பது நிமிடத்தில் நின்றது.

"வேல சரியா ஈக்கி. அப்ப ஏன் தொட்டீங்க?"

"மெதுவா ஓடுன மாதிரி இருந்துச்சு மொதலாளி."

பக்கத்தில் வந்து நின்றார். நான் தலையைத் தூக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு சாயக் குப்பியையும் சின்னத் திருப்புளியையும் எடுத்து அலுமாரியில் பூட்டிவிட்டுப் போனார். அதன் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. அவர் மவுத்தாகி எட்டு வருடம். அவர் கேட்ட கேள்விக்கு நான் உண்மையான பதில் சொல்லவே இல்லை.

மறுநாள் ஞாயிறு. செல்லமுத்து முகமெல்லாம் சிரிப்பாக வந்தான்.

"கேட்டேன் சேர். ஒரு கட்டையில என்னா சொகமா பாடுறாரு."

"ஒரு கட்டையோ? ஒண்டரை."

"ஒரு கட்ட தான் சேர். கோயில் பெட்டிய பக்கத்துல வச்சு பாத்தேன்."

"அவர் சாகும் வரைக்கும் ஒண்டரையிலதான் பாடினவர். நான் முன்வரிசையில இருந்தனான்."

"இருக்கலாம் சேர். ஆனா அன்னைக்கு எறக்கியிருக்காரு."

மாஸ்டரின் முகம் மாறியது. "எனக்கே சுருதி படிப்பிக்கிறீரோ?"

"படிப்பிக்க இல்ல சேர். காதுல கேட்டத சொல்றேன்."

"உம்மடை மெசின் இழுக்குது. பற்றறி போயிருக்கும்."

"புது பெட்டரி சேர். நேத்து தான் போட்டேன்."

"மொகத பிரஸ்னே?" என்று மாத்தயா கேட்டார். என்ன பிரச்சினை என்று.  செல்லமுத்து பின்வாங்குகிறவன் இல்லை. காதை நம்புகிறவன். மாஸ்டரும் பின்வாங்குகிறவர் இல்லை. அவர் அங்கே இருந்தவர்.

"வாற ஞாயிறு கசட்டைக் கொண்டு வாரும். ராசுவின்ரை மெசினில போட்டுப் பாப்பம்" என்றார் மாஸ்டர்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "சரி சேர்" என்றேன்.

 கடை டெக்கில் போட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். திருப்புளி அலுமாரிக்குள். முதலாளி கேட்ட கேள்வி வேறு அப்படியே நிற்கிறது. வேலை போகும். அதை விட, மாஸ்டர் என்னைப் பார்க்கப் போகிற பார்வை.

ஞாயிறு செல்லமுத்து வெறுங்கையோடு வந்தான்.

"என் மெசின் தான் கொற சேர். நீங்க சொன்னது சரி. ஒன்றரை."

"பாத்தீரோ!" என்று மாஸ்டர் அவன் முதுகில் தட்டினார். கோபம் எல்லாம் போய்விட்டது. செல்லமுத்து சிரிக்கவில்லை. என்னை ஒரு தடவை பார்த்தான். தோற்றவனின் பார்வை என்று எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு அவன் வரவில்லை. தொழிற்சாலையில் ஞாயிறு வேலை என்று சொல்லியனுப்பினான். நாற்காலி காலியானது. என்னை அதில் உட்காரச் சொல்வார்கள் என்று சில வாரம் எதிர்பார்த்தேன். மாஸ்டர் தன் குடையை அதில் வைத்தார். ஒரு தடவை யாரும் ராகம் சொல்ல முடியாமல் திணறியபோது, "செல்லமுத்து இருந்திருந்தா இப்ப சொல்லியிருப்பான்" என்றார். எனக்கு அந்த ராகம் தெரியும். பொத்தானில் விரல் வைத்துக்கொண்டு நின்றேன். குடை வைத்த நாற்காலி மேல் கூடப் பொறாமை வரும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

மற்றது சுருக்கம். மாஸ்டர் மாற்றலாகி ஊருக்குப் போனார். பழைய கசட்டும் அவருடைய பிரதியும் வழியில் மழையில் நனைந்து போயின என்று கடிதம் வந்தது. பிறகு அவரும் போய்ச் சேர்ந்தார். கொழும்புத் தம்பியின் பிரதி வீடு மாறும்போது தொலைந்தது. கடை சீடிக்கு மாறி, பிறகு தொலைபேசிக்கு மாறியது. நான் ஓய்வெடுத்தேன்.

போன வருடம் செல்லமுத்துவின் மகள் வசந்தி என்னைக் குழுவில் சேர்த்தாள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். கனடா, லண்டன், கொழும்பு என்று எல்லா இடத்திலிருந்தும் ஆட்கள். பழைய பதிவுகளைப் போடுவார்கள், பேசுவார்கள். ஞாயிறு பின் அறை மாதிரித்தான், பிளேன்டீ மட்டும் இல்லை. வசந்தி அப்பாவின் பெட்டியில் இருந்த அந்தக் கசட்டை இரத்தினபுரியில் ஒரு கடையில் கொடுத்துக் கணினிக்கு மாற்றிக் குழுவில் போட்டாள். உலகத்தில் அந்தப் பாடகரின் குரல் அது ஒன்றுதான்.

குழு கொண்டாடியது. அழுதார்கள். பிறகு ஆராயத் தொடங்கினார்கள். பாடகர் ஒன்றரைக் கட்டை என்று ஊரில் கேள்வி, இதில் ஒரு கட்டையில் பாடுகிறாரே என்றார் ஒருவர். முதுமையில் இறக்கிக்கொண்டார் என்றார் இன்னொருவர். அந்த நிதானத்தைப் பாருங்கள், அவசரமே இல்லாத தோடி, வாழ்ந்து முடித்தவரின் தோடி என்று கனடாவில் இருந்து ஓர் அம்மா நீளமாக எழுதினார். அவருடைய மாணவி ஒருத்தி அதே மாதிரி மெதுவாகப் பாடிப் போட்டாள். எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வரி வரும்: செல்லமுத்து ஐயாவுக்கு நன்றி.

அந்த நிதானம் பாடகருடையது இல்லை. என் திருப்புளியுடையது. நாலு வார்த்தையில் சொல்லிவிடலாம். மூன்று மாதம் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை இரண்டாம் தடவையும் மெதுவாகப் பாடிப் போட்ட அன்று றக்வானை பஸ்ஸில் ஏறினேன்.

செல்லமுத்து வீட்டு வாசலில் கீரை ஆய்ந்துகொண்டு இருந்தான். முப்பது வருடமாகக் கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் தலையாட்டியதோடு சரி.

"அந்த டேப்பு," என்றேன். "அது நான் செஞ்சது."

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"அந்த வாரமே. நடுவுல சேரு அடடாம்பாரு. சேரு கொரலு எனக்கு தெரியாதா? எருமமாடு கத்துன மாதிரி இருந்துச்சு. என் மெசினுன்னு நெனச்சு மத்த டேப்ப எல்லாம் போட்டு பாத்தேன். எல்லாம் சரியா ஓடுச்சு. அப்ப ஒன் கை தான்."

"ஏன்டா சொல்லல?"

கீரைத் தண்டை ஒடித்துப் போட்டான். "சொல்லியிருந்தா நீ சேரு காலுல விழுந்திருப்ப. அவரு பெரிய மனுசன், மன்னிச்சிருப்பாரு. மன்னிச்சு ஒன்ன பக்கத்துல ஒக்கார வச்சிருப்பாரு. அது எனக்கு ஆகாது."

நான் வாசற்படியில் உட்கார்ந்தேன்.

"நாள் பூரா பாட்டுக்குள்ள ஒக்காந்திருந்தவன் நீ," என்றான். "நான் கொழுந்துக்குள்ள. எனக்கு கெழமைக்கு ஒரு நாளு. ஒனக்கு அதுலயும் எரிச்சல்."

என் மேல் ஒருவனுக்குப் பொறாமை இருந்திருக்கிறது. எனக்கு அது தெரியாமலே ஆயுள் போய்விட்டது.

வசந்தி தேத்தண்ணி கொண்டுவந்தாள். "மாமா, அப்பா அந்த டேப்ப வேற மெசின்ல கேக்க மாட்டாங்க. கடையில மாத்தினத போட்டுக் காட்டினா, இது பிழைன்னுட்டு எந்திரிச்சு போயிட்டாங்க. ஏன்னு சொல்லல."

உள்ளே போனோம். பழைய சின்ன மெசின். செல்லமுத்து பின்மூடியைக் காட்டினான். மோட்டரின் திருகாணி கொஞ்சம் திரும்பியிருந்தது. நான் குறைத்ததை அவன் அங்கே கூட்டியிருந்தான். சுருதிப் பெட்டியை வைத்துச் செய்யவில்லை. மாஸ்டரின் அடடா மாஸ்டரின் அடடாவாகக் கேட்கும் வரை திருப்பியிருக்கிறான்.

"இதுல வேற எத போட்டாலும் கோழி கொக்கரிக்கிற மாதிரி ஓடும்," என்றான். "இந்த ஒன்னுக்கு மட்டும் தான்."

இருந்த ஒரே மெசினை ஒரு கசட்டுக்காகக் கெடுத்துக்கொண்டவன். முப்பது வருடமாகச் சரியான தோடி இந்த வீட்டுக்குள் இருந்திருக்கிறது. நான் அதை ஒரே ஒரு தடவை கேட்டேன். அவன் நினைத்தபோதெல்லாம் கேட்டான்.

வசந்தி தொலைபேசிக்கு ஒரு வயரை மாட்டினாள். ஹெட்டைத் துடைக்க வேண்டும் என்று கையை நீட்டினேன்.

"கைய எடு" என்றான் செல்லமுத்து.

எடுத்தேன். அவனே துடைத்தான். துடைத்த பஞ்சைப் பார்த்தேன். கறுப்பாக இருந்தது. இன்னொரு தடவை துடை என்றேன். முறைத்தான். துடைத்தான். வெள்ளையாக வரும் வரை சொன்னேன், அவனும் துடைத்தான்.

ஒரு மணி நேரம் மூவரும் கேட்டோம். ஒன்றரைக் கட்டையில் அந்த மனுசன் பாடினார். முதுமையும் இல்லை, நிதானமும் இல்லை. நெருப்பு மாதிரிப் பாடினார்.

வசந்தி அன்றைக்கே குழுவில் போட்டாள். முந்தியது வேகம் பிழை, இதுதான் சரி, அப்பாவின் மெசினில் இருந்து எடுத்தது என்று எழுதினாள். திருப்பினது யார் என்று எழுதவில்லை. மாமாவே சொல்லட்டும் என்று விட்டிருக்கிறாள். கனடா அம்மா தன் எழுத்தை எடுத்துவிட்டார். செல்லமுத்து ஐயாவின் காது தெய்வக் காது என்று ஒருவர் எழுதினார். அதன் கீழே இருபது முப்பது பேர் கைகூப்பினார்கள். எனக்கு எரிந்தது. எழுபது வயதிலும் அப்படியே எரிந்தது. அதையும் மறைக்கவில்லை.

அது போகட்டும். இன்னொருவர் எழுதியிருந்தார்: முந்திய பிழை அந்தக் காலத்துப் பதிவுக் கடைக்காரர்களின் கவனக்குறைவு, அவர்களுக்குச் சங்கீதம் எங்கே தெரியும் என்று.

ஹனிபா முதலாளியின் கடையில் இருந்து இருபத்தாறு வருடத்தில் கவனக்குறைவாக ஒரு கசட் வெளியே போனதில்லை. அந்தக் கசட்டும் கவனக்குறைவாகப் போகவில்லை. அரைக் கட்டை, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சங்கீதம் தெரிந்தவன், ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, கவனமாகச் செய்தது. செய்தவன் நான்.